மூன்றரை மீட்டர் மரியாதை

திருமதி ஹோல்ட் ரொட்டியைத் துடுப்பில் வைத்து நீட்டாமல் இருந்திருந்தால் காந்திமதிநாதன் மனு எழுதியிருக்கவே மாட்டார்.

மற்ற வாடிக்கையாளர்கள் வந்தால் அந்த அம்மாள் ரொட்டியைப் பையில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, சட்டம் சொன்னபடி இரண்டு மீட்டர் பின்னால் போய் நின்றுகொள்வார். இவர் வந்தால் மட்டும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, அடுப்புக்குள் ரொட்டி தள்ளுகிற நீளமான மரத்துடுப்பின் நுனியில் பையை வைத்து நீட்டுவார். இத்தனைக்கும் பதினெட்டு வருடப் பழக்கம். முன்பெல்லாம் "மனைவி நலமா?" என்று விசாரித்து, கையில் ஒரு பன்னைச் சும்மா திணித்து அனுப்பியவர்தான். துடுப்பின் நுனியிலிருந்து பையை எடுக்கும்போது காந்திமதிநாதன் "நன்றி" என்பார். அப்புறம் வீடு வந்து சேரும்வரை அந்த நன்றியை நினைத்துப் பொருமுவார்.

போர்ட் எல்வின் நகரத்துக்குச் சாம்பல் காய்ச்சல் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காய்ச்சல் ஆசியாவிலிருந்து வந்தது என்று முதலில் யாரோ சொன்னார்கள். அப்படி இல்லை என்று இரண்டு மாதம் கழித்து விஞ்ஞானிகள் சொன்னார்கள். அதற்குள் கேட்கிற ஆட்களெல்லாம் கேட்டுமுடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சீன உணவகத்தின் கண்ணாடி உடைந்தது. கொரிய மாணவன் ஒருவனைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆசியா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடம் பார்த்துக்கொண்டா அடிக்க வருவார்கள்? திருநெல்வேலிக்காரரான காந்திமதிநாதனுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. முதலில் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அடுத்து சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் ஐந்து நிறத்தில் ஐந்து கைகள், சுகாதார விதிப்படி ஒன்றையொன்று தொடாமல், அந்தரத்தில் இருந்தன. பிறகு புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். கூப்பிட்டால் நாள் முழுக்க வயலின் வாசிப்பார்கள். கடைசியில்தான் சமதூரச் சட்டம் வந்தது.

அதற்கான கருவி ஏற்கெனவே எல்லோர் மணிக்கட்டிலும் இருந்தது. காய்ச்சல் பரவாமல் இருக்க அரசாங்கம் கட்டிவிட்ட பட்டை அது. இரண்டு பேர் இரண்டு மீட்டருக்குள் வந்தால் கீச்சிடும். யார் யாரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றார்கள், யார் பின்வாங்கினார்கள் என்பதையெல்லாம் கமுக்கமாகக் குறித்துக்கொண்டிருந்தது. புள்ளிவிவரத் துறையில் ஹானா பாக் என்று ஒரு பெண். முதல் மாதத்தில் ரயில் நிலையத்தில் யாரோ அவர்மேல் காறித் துப்பியிருந்தார்கள். அவர் ஒருநாள் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். இரண்டு மீட்டருக்குள் வந்தவர்கள் இருக்கட்டும். இரண்டு மீட்டர் போதாது என்று இன்னும் தள்ளிப்போனவர்கள் யார், யாரைக் கண்டு? எதிரே ஆசிய முகம் வந்தால் ஊரே சராசரியாக ஒன்றேகால் மீட்டர் அதிகமாகப் பின்வாங்குகிறது என்று தெரிந்தது.

"வெறுப்பை அளக்க முடியாது. மீட்டரை அளக்கலாம்," என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். உறுப்பினர்கள் எழுந்து நின்று, போதிய இடைவெளி விட்டு, கைதட்டினார்கள்.

சட்டம் எளிமையானது. ஒருவர் ஏதோ ஓர் இனத்தாரிடமிருந்து மட்டும், முப்பது தடவைக்கு மேல், அரை மீட்டருக்கு அதிகமாக விலகி நின்றால் குற்றம். எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு தொண்ணூறு நாள் சரியாக இரண்டு மீட்டரில் நின்று காட்ட வேண்டும். ஆறே வாரத்தில் இரண்டு மீட்டரில் நிற்கப் பழக்கும் பயிற்சி வகுப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. போனவர்களுக்கு வெறுப்பு குறையவில்லை, ஆனால் எல்லோரும் கோட்டில் நிற்கப் பழகிவிட்டார்கள்.

திருமதி ஹோல்ட் அந்த வகுப்புக்குப் போகவில்லை. அதில் காந்திமதிநாதனுக்குப் பரம திருப்தி. நூற்றுப் பன்னிரண்டு தடவை, சராசரி மூன்று மீட்டர் நாற்பது. தோற்பதற்கு வழியே இல்லாத வழக்கு. அவருக்கு வேண்டியது அந்த மன்னிப்புக் கடிதம் ஒன்றுதான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வரவேற்பறைச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார்.

"முதல்ல கடுதாசி வரட்டும். பொறவு ஆணி அடிக்கலாம்லா," என்றாள் மனைவி பகவதி.

"வராம எங்க போகும்? மிஷின் பொய் சொல்லுமா?"

மிஷின்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை இருந்ததற்குக் காரணம் உண்டு. அவரே அங்கேதான் வேலை பார்த்தார். சட்டத்தோடு பிறந்த சமதூர ஆணையத்தில் பண்பாட்டு ஆலோசகர். தெற்காசியர்கள் சம்பந்தப்பட்டு மிஷின் குழம்பும்போதெல்லாம் அவரைக் கூப்பிடுவார்கள். கோயிலில் ஏன் இப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், மாப்பிள்ளையைக் கண்டதும் மாமியார் ஏன் கதவுக்குப் பின்னால் போகிறார் என்று கேட்பார்கள். அவர் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆணையம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மறுத்துப் பேசும் அளவுக்கு விவரம் தெரிந்த ஆள் அந்தக் கட்டிடத்தில் வேறு யாரும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹானா பாக் ஒரு கைத்திரையோடு அவர் அறைக்கு வந்து, மேஜையின் அந்தப் பக்கம் சரியாக இரண்டு மீட்டரில் உட்கார்ந்தார்.

"நாதன், ஒரு செவிலியர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இதே கணக்கை ஒரே ஊர்க்காரர்களுக்குள்ளும் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்."

"எதற்காம்?"

"காரணம் எழுதவில்லை. போட்டுப் பார்த்தால் தெரியும் என்று மட்டும் எழுதியிருந்தார். போட்டுப் பார்த்தேன். உங்கள் மொழி பேசுகிறவர்களுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி வந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை."

திரையை அவர் பக்கம் திருப்பினார். பெயர் இல்லை, எண்கள் மட்டும். ஒரு கோடு கொஞ்ச தூரம் தாழ்வாகவே ஊர்ந்து, ஓரிடத்தில் படியேறியது போல் உயர்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

"இரண்டு பேர். ஒரே கட்டிடத்தில் குடியிருக்கிறார்கள். நெருங்கிப் பழகியிருக்கிறார்கள், பட்டை நிறையத் தடவை கீச்சிட்டிருக்கிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்று இருபதுக்கு மூன்றரை மீட்டர். அதற்குப் பிறகு குறையவே இல்லை."

"சண்டை ஏதாவது வந்திருக்கும்."

"சண்டை என்றால் இரண்டு பேரும் விலகுவார்கள். இதில் ஒருவர்தான் விலகுகிறார். இருநூற்றுப் பன்னிரண்டிலும் இதே கதைதான். சந்திக்கிறார்கள், பேசுகிறார்கள், பத்து நிமிடத்தில் ஒருவர் பின்வாங்குகிறார். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் ஒருவரையொருவர் அப்படி என்னதான் கேட்டுக்கொள்கிறீர்கள்?"

காந்திமதிநாதன் திரையின் மூலையில் இருந்த ஏழு இலக்க எண்ணைப் பார்த்தார். மேஜைக்குக் கீழே மணிக்கட்டைத் திருப்பிப் பட்டையின் உட்புறத்தைப் பார்த்தார். அதே எண்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பகவதிக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் போனபோது ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கி வந்தவள் பூங்கனி. அரசு மருத்துவமனையில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு நேரே இவர்கள் வீட்டுக்கு வருவாள். ஆக்ஸிஜன் குழாயைச் சரிபார்த்து, பகவதியைக் குப்புறப் புரட்டி, உடம்பைத் துடைத்து, கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டுவாள். பட்டை ஓயாமல் கத்தும். அவள் அதன்மேல் ஒரு துண்டைச் சுற்றிவிட்டு வேலையைப் பார்ப்பாள். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் பகவதி எழுந்து உட்கார்ந்தாள். "நீ மனுஷி இல்லம்மா, தெய்வம்," என்று காந்திமதிநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். அதில் பொய் இல்லை.

உடம்பு தேறியதும் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பகவதி சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி அரைத்திருந்தாள். சாப்பாடு முடிந்து பித்தளை டம்ளரில் காப்பி கொடுத்துவிட்டுத்தான், "உனக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டாள். பூங்கனி மேலக்குளம் என்றாள். காந்திமதிநாதனுக்கு முகமெல்லாம் பிரகாசமாகிவிட்டது. அவருடைய பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர்.

"மேலக்குளத்துல எந்தத் தெரு?"

பூங்கனி ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள். "ஊருக்குள்ள இல்ல சார். ஓடைக்கு அங்கிட்டு."

"அப்படியா? நல்லது, நல்லது," என்றார் காந்திமதிநாதன். காற்று வரவில்லை என்று எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். திறந்தவர் அங்கேயே நின்றுகொண்டார். அடுத்த முறை அவள் வந்தபோது காப்பி காகிதக் குவளையில் வந்தது. காய்ச்சல் காலம், எதற்கு வம்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பதினோரு நாளும் காய்ச்சல் காலம்தான் என்பது அப்போது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

"நாதன்?" என்றார் ஹானா.

ஜாதி என்று ஒரு சொல் எழுதினால் போதும். ஹானா அதைப் பிடித்துக்கொண்டு சட்டத்தில் புதிதாக ஒரு கட்டம் திறப்பார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நோட்டீஸ் போகும். முதல் நோட்டீஸ் யார் பெயருக்கு என்பதும் காந்திமதிநாதனுக்குத் தெரியும். அது வந்த பிறகு திருமதி ஹோல்ட்டின் எதிரே போய் எந்த முகத்தோடு நிற்பது?

"இது மரியாதை," என்றார்.

"மரியாதையா?"

"எங்களில் தூரம் என்பது மரியாதை. பழைய வழக்கம்."

"யாருக்கு யார் தருகிற மரியாதை? இந்த ஜோடியில் விலகுகிறவருக்குத்தான் வயது அதிகம்."

"ஆமாம்."

"பெரியவர்கள் சின்னவர்களுக்கு மரியாதை செய்வார்களா?"

"சில சமயம்."

"மற்றவர் பதிலுக்கு மரியாதை செய்யவில்லையே."

"கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவார்கள்."

ஹானா அதையும் குறித்துக்கொண்டார். "நல்ல வேளை. நான் வேறு ஏதோ பெரிய விஷயம் என்று பயந்துவிட்டேன்," என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்கக் காந்திமதிநாதனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மாலைக்குள் இரண்டு பக்கம் எழுதிவிட்டார். தமிழரிடையே மூன்றரை மீட்டர் வரையிலான இடைவெளி மரியாதையின் வெளிப்பாடு, அதை விலக்கலாகக் கருதக்கூடாது. அடியில் முழுப் பெயரோடு கையெழுத்து. ஆணையம் அதை விதிகளின் பின்னிணைப்பில் பதினான்காவதாகச் சேர்த்தது.

மூன்று வாரம் கழித்து, அதே கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்த தீர்ப்பாயத்தில் ரொட்டிக்கடை வழக்கு விசாரணைக்கு வந்தது. காந்திமதிநாதன் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். திருமதி ஹோல்ட் தேவாலயத்துக்குப் போகிற தொப்பியோடு வந்திருந்தார். அழுதிருந்தார் என்று தெரிந்தது. அவருடைய வக்கீல் சின்ன வயதுக்காரர். வழக்கை மறுக்கவே இல்லை.

"என் கட்சிக்காரர் மூன்று மீட்டர் நாற்பதில் நின்றது உண்மை," என்றார். "ஆனால் பின்னிணைப்பு பதினான்கைப் பாருங்கள். மனுதாரரின் சமூகத்தில் மூன்றரை மீட்டர் வரை மரியாதை. அவர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்கிற அதே மரியாதையைத்தான் என் கட்சிக்காரரும் கொடுத்திருக்கிறார். பார்க்கப்போனால் பத்து சென்டிமீட்டர் குறைத்தே கொடுத்திருக்கிறார். அதற்காக வேண்டுமானால் வருத்தம் தெரிவிக்கிறோம்."

தீர்ப்பாயத் தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் படித்தார். பிறகு காந்திமதிநாதனைப் பார்த்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"இதில் எழுதியிருப்பது உண்மைதானே?"

பொய் என்று சொன்னால் ஜெயித்துவிடலாம். அப்படியானால் உண்மை என்ன என்று அடுத்த கேள்வி வரும். திருமதி ஹோல்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முன்னால், அந்தத் துடுப்பு அம்மாள் முன்னால், தன் வீட்டுக் காகிதக் குவளையைப் பற்றிப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

"உண்மைதான்," என்றார்.

மனு தள்ளுபடி ஆனது. வெளியே வரும்போது திருமதி ஹோல்ட் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி, "எனக்குத் தெரியாமலேயே சரியாக நடந்துகொண்டிருக்கிறேன் பாருங்கள்," என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். மறுநாளிலிருந்து துடுப்பை நீட்டும்போது தலையையும் லேசாகக் குனிந்தார்.

தீர்ப்பு வந்த அன்று மாலை காந்திமதிநாதன் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று பகவதி கேட்டாள். பின்னிணைப்பு பதினான்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் எழுந்துபோய்ப் பாலைக் காய்ச்சினாள். பித்தளை டம்ளரில் காப்பியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஒங்களுக்கு இல்ல. மேல கொண்டு போங்க."

ஐந்தாவது மாடிக்குப் படியேறியே போனார். கதவைத் திறந்த பூங்கனி சீருடையில் இருந்தாள். அவர் இரண்டு மீட்டரில் நின்றார். இரண்டு மீட்டர்தானா என்று கவனமாகப் பார்த்து நின்றார்.

"காப்பி கொண்டாந்தேம்மா."

அவள் டம்ளரைப் பார்த்தாள்.

"வாசல்லயே வச்சிருங்க சார்."

"கையில வாங்கிக்கோம்மா."

"வைங்க சார்."

குனிந்து வைத்தார். நிமிர்வதற்குள் அவள் கூடத்தின் மறுகோடிச் சுவர்வரைக்கும் போயிருந்தாள்.

"நான் எழுதுன கடுதாசிக்கு ஆணையத்துலருந்து பதில் வந்திருக்கு," என்றாள். "எங்களுக்கு நடக்குறதுக்குப் பேரு மரியாதைன்னு போட்டிருக்கு. நிபுணர் சொன்னாராம். கீழ ஒங்க கையெழுத்து."

"பூங்கனி, அன்னைக்கு நான் இருந்த நெலைமை..."

"அக்காவ நான் பதினோரு நாளு தூக்கி உக்கார வச்சேன். தொடச்சு விட்டேன். அப்ப எத்தன மீட்டர் சார் இருந்துச்சு? அப்ப எனக்கு ஏன் மரியாத குடுக்கலன்னு நான் கேட்டேனா?"

குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. அவளுக்கு அழுகை வந்ததா, கோபமா என்று அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை.

"தப்புதாம்மா."

"எழுதித் தாரீங்களா?"

"என்னது?"

"இப்ப சொன்னத. ஆணையத்துக்கு. ஒரு வரி போதும்."

காந்திமதிநாதன் வாயைத் திறந்தார். வேலை, ஊர்க்காரர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டார்.

பூங்கனி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு காகிதக் குவளையை எடுத்துவந்து, அவர் தள்ளி நிற்கட்டும் என்று கையைக் காட்டினாள். அவர் படிக்கட்டுவரை பின்வாங்கினார். அவள் வாசலுக்கு வந்து காப்பியைக் குவளையில் ஊற்றிக்கொண்டாள். டம்ளரை உள்ளே கொண்டுபோய்க் கழுவினாள். திரும்பவும் வாசலில் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க சார்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் மின்தூக்கியிலும் தெருவிலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சரியாக இரண்டு மீட்டரில் நின்றார். வணக்கம்கூடச் சொன்னார். பேச்சு அதற்குமேல் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஹானா பாக்கிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கடிதம்.

"அன்புள்ள நாதன், அன்று உங்களிடம் காட்டிய முதல் ஜோடி நினைவிருக்கிறதா? இப்போது மூத்தவர் இரண்டு மீட்டருக்கு வந்துவிட்டார். ஆனால் இளையவர் ஒவ்வொரு முறையும், ஒரு தடவைகூடத் தவறாமல், மூன்றரை மீட்டருக்கு விலகுகிறார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவார்கள் என்று நீங்கள் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. மரியாதை இப்போது மறுபக்கத்திலிருந்தும் வர ஆரம்பித்துவிட்டது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இந்த வரைபடத்தைப் போட்டிருக்கிறோம். அமைச்சருக்கு மிகவும் பிடித்துவிட்டது. உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னார். வாழ்த்துகள்."

கண்ணாடிச் சட்டம் போட்ட படம். நல்ல தேக்கு நிறத்தில், கொக்கியெல்லாம் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு கோடு இறங்கியது, இன்னொன்று ஏறியது.

"எறங்குறது யாரு?" என்று பகவதி கேட்டாள்.

"நான்."

"ஏறுறது?"

அவர் பெயரைச் சொன்னார். பகவதி சட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஏறுகிற கோட்டின்மேல் விரலை வைத்து அது முடிகிற இடம்வரை கொண்டுபோனாள். காந்திமதிநாதன் படத்தைத் திரும்ப வாங்கி, அலமாரிக்குப் பின்னால் செருகிவைக்க இடம் பார்த்தார்.

"அங்க வேண்டாம். ஆணி சும்மாதான கெடக்கு. அதுல மாட்டுங்க," என்றாள். "தெனமும் பாக்கணும்லா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி மாட்டினார்.